மடியில் கிடக்கும் கிட்டாருக்கு எந்த பிக்கப்?

மடியில் கிடத்தி, கம்பிமேல் எஃகுத் துண்டை (ஸ்டீல் பார்) நகர்த்தி வாசிக்கும் கிட்டார்தான் அகூஸ்டிக் லேப் ஸ்டீல். அதற்கு என்ன பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவி) போடலாம் என்று கேட்டால், சாதாரண கிட்டாருக்குச் சொல்லும் பதிலையே பலரும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கம்பிகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் ஒரு பிசோ (அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் பொருள்), பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி), வேலை முடிந்தது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வைசன்போர்ன் என்ற அகூஸ்டிக் லேப் ஸ்டீல் வகைக்கு அதைக் கடைசியாகத்தான் யோசிப்பேன்.

இந்த வாத்தியத்தின் சுபாவமே வேறு. கழுத்துக்குள்ளும் வெற்றிடம், மெல்லிய மேல்பலகை, மீட்டினால் நெடுநேரம் நிற்கும் நாதம். வாசிப்பவர் விரலில் பெரும்பாலும் உலோக பிக் (மீட்டும் நகம்) வேறு இருக்கும். சேடில் பிசோ கம்பியின் அழுத்தத்தை நேராக வாங்குவதால், அந்த உலோகம் கம்பியில் படும் கீச்சொலிதான் முன்னால் வந்து நிற்கிறது. மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியில் ஸ்டீல் பாரை இழுக்கும்போது எழும் சரசரப்பும் கூடவே வரும். மரத்தின் குரலோ எங்கோ பின்னால் கிடக்கும். மரத்துக்காகத்தானே இந்தக் கிட்டாரை வாங்கினோம்?

என் ஓட்டு பிரிட்ஜுக்கு (சேடில் பதிந்திருக்கும் மரத்துண்டு) உள்பக்கம், பலகையில் ஒட்டும் சென்சார்களுக்கு. காசு அளவில் சின்ன வட்டத் தகடுகள். அவையும் பிசோதான், ஆனால் பலகையின் அதிர்வைக் கேட்கின்றன. சேடிலைத் தொட வேண்டாம், பலகையை அறுக்க வேண்டாம். பழைய வாத்தியம் என்றால் இது ஒன்றே போதுமான காரணம். ஒட்டும் இடம் சற்று நகர்ந்தாலும் கம்பிகளுக்குள் சத்தச் சமநிலை மாறிவிடும். அதனால் முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் கேட்டு, பிறகு பசையைத் தொடுங்கள்.

இதன் குறை, எதையும் விட்டுவைக்காமல் கேட்பது. பாரைத் தூக்கி வைத்தால் ‘டக்’, உள்ளங்கை பிரிட்ஜில் பட்டால் ‘தும்’. மேடையில் சத்தம் ஏற ஏற, கிட்டார் பெட்டி தானாகவே ஊளையிடத் தொடங்கும். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போட்டு, ஊளையிடும் அலைவரிசையை மட்டும் இக்யூவில் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

பக்கத்தில் டிரம்ஸ் இருக்கிறதா? அப்படியானால் மறுபேச்சில்லாமல் ஒலித்துளையில் மாட்டும், கம்பியின் அசைவைக் காந்தத்தால் உணரும் மேக்னெடிக் பிக்கப். மேல்பலகையைத் தட்டினால்கூட அநேகமாக எதுவும் கேட்காது. ஆனால் அது வெண்கலச் சுற்றைக் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு நரம்பை மட்டுமே உணரும். அதனால் சுற்றில்லாத மேல் கம்பிகள் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். காந்தத் திருகுகளை இறக்க வசதியுள்ள பிக்கப்பாகப் பாருங்கள், இல்லையென்றால் நிக்கல் சுற்றுக்கம்பிக்கு மாறுங்கள். உச்ச ஸ்தாயியில் எஃகு பார் காந்தத்தை நெருங்கும்போதும் சத்தம் குழம்பும்.

பிக்கப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸைப் (வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) பற்றி வாயே திறப்பதில்லை. பிசோ ஒரு கொள்ளளவி (கெப்பாசிட்டர்) போல நடந்துகொள்கிறது. 1 நானோஃபாரட் கொள்ளளவுள்ள பிசோவை 1 மெகாஓம் உள்ளீட்டில் செருகினால், சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். கம்பிகளை வெறுமனே மீட்டினாலே டி மேஜர் கார்டு வரும் ஓப்பன் டி சுருதியில் தடித்த கம்பி 73 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 10 மெகாஓம் என்றால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இதையே 10 கிலோஓம் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகிவிட்டு ‘பிக்கப் தகரம் மாதிரி கத்துகிறது’ என்றால், பிக்கப் பாவம் என்ன செய்யும்!

சென்சார், மேக்னெடிக் இரண்டையும் கலந்து வாசிப்பவர்களும் உண்டு. கீழ்ஒலி (பாஸ்) மேக்னெடிக்கிலிருந்து, மேல்ஒலி சென்சாரிலிருந்து என்று பிரித்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டின் ஃபேஸும் (ஒலியலை ஏறி இறங்கும் நேரம்) பொருந்த வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஜாக் (கேபிள் செருகும் துளை) கிட்டாரின் அடிக்கட்டையில் இருந்தால் கேபிள் நேராக உங்கள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், நடப்பவர் கால் அதில்தான் மாட்டும். எல் வடிவ பிளக் வாங்கிவிடுங்கள்.