பச்சைச் சளி என்றாலே பாக்டீரியாவா?

"சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் பாக்டீரியா தொற்று" என்று இருமல், சளி பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் பச்சை பெரும்பாலும் கிருமியின் நிறம் அல்ல; அதோடு மல்லுக்கட்டும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியும் மூன்றாம் நான்காம் நாளில் அப்படி ஆவது சகஜம்.

போன மழைக்காலத்தில் என் நாலு வயது மகளுக்கும் இதே கதை. மருந்துக்கடையில் சீட்டுகூடக் கேட்காமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை நீட்டினார்கள். வாங்காமல் டாக்டரிடம் போனோம். அவர் சளியின் நிறத்தைக் கேட்கவே இல்லை. சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டால் நிமோனியாவோ என்று பார்க்க வேண்டுமாம், இவளுக்கு 28. ஆன்டிபயாடிக் இல்லாமலே அனுப்பிவிட்டார். இருமல் நிற்க முழுசாக மூன்று வாரம் ஆனது. அதுவரை மாமியாரிடம் வாங்கிய பேச்சு தனிக்கதை.

விட்ட காய்ச்சல் திரும்ப ஏறுவது, மூச்சு வாங்குவது, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுப்பது, இவற்றில் எது வந்தாலும் நிறம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலை மட்டும் வைத்தும் பாக்டீரியாவா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது: கக்குவான் இருமல் பாக்டீரியாவால் வருவதுதான், ஆனால் அதில் காய்ச்சலே பெரிதாக இருக்காது! அப்புறம், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். அதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.