கிலோமீட்டர் குறைவு என்றால் பெல்ட் புதுசு என்று அர்த்தமில்லை
மேலே ஒருவர், "சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடிய ஃபெராரி டெஸ்டரோசா, டைமிங் பெல்ட்டைத் தொடவே வேண்டாம், அப்படியே வாங்கி ஓட்டலாம்" என்று எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது.

டைமிங் பெல்ட் என்பது இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயதாகும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வளைந்தபடி கிடந்தால் இன்னும் மோசம். அதனால்தான் இதைக் கிலோமீட்டரை மட்டும் வைத்து மாற்றுவதில்லை, வருஷத்தையும் பார்த்து மாற்றுகிறார்கள். டெஸ்டரோசா என்ற இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது 12 சிலிண்டர், 48 வால்வு இன்ஜின். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் இன்ஜினையே பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

பெல்ட் மாற்றுவதும் சின்ன வேலை இல்லை. முறையாகச் செய்ய இன்ஜினையே வண்டியிலிருந்து வெளியே இறக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். 1984இல் பாரிஸில் அறிமுகமான, சிவப்பு மூடி போட்ட அந்த அழகான இன்ஜினுக்கு இப்படி ஒரு கதி வருவதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை.

சரி, என்ன கேட்பது? கடைசியாகப் பெல்ட் மாற்றிய தேதியும் அதற்கான பில்லும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை (ஹோஸ்) எப்போது மாற்றினார்கள் என்பதையும் கேளுங்கள், கசிந்தால் தீப்பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பழைய டயர் இறுகிப்போயிருக்கும்.