வேறொரு கொசு

போன ஐப்பசியில் என் மகள் டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் படுத்துக் கிடந்து தேறினாள். அந்த நாள்களில் பார்த்தவர்களிடமெல்லாம் நான் தெருமுனைச் சாக்கடையைத்தான் குறை சொன்னேன். பிறகு கொசு ஒழிப்புப் பணியாளராக வந்த ஓர் அம்மா சாக்கடைப் பக்கம் போகவே இல்லை. நேரே சமையலறைக்குள் வந்து, ஃப்ரிட்ஜின் பின்புறத்தில் தண்ணீர் சேரும் தட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். தெளிந்த நீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "இது சாக்கடைக் கொசு இல்ல சார், நல்ல தண்ணியில வளர்றது, பகல்ல கடிக்கிறது" என்றார்.

பல ஆண்டுகளாக அந்த வீட்டில் இருக்கிறேன். எல்லாவற்றையும் 'கொசு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால், அந்தச் சொல்லுக்குள் பல உயிர்கள் இருப்பது என் கண்ணுக்குப் படவே இல்லை.

1895இல் செகந்திராபாத்துக்குத் திரும்பிய ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவருக்கும் இதே தடைதான் இருந்தது. மலேரியாவின் ஒட்டுண்ணியை லாவரன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880இலேயே அல்ஜீரியாவில் நோயாளியின் ரத்தத்தில் பார்த்திருந்தார்; அது கொசுவுக்குள் என்ன ஆகிறது என்பதே கேள்வி. ராஸ் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொசுக்களை அறுத்துப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. அவர் அறுத்தவற்றில் பெரும்பாலானவை மலேரியாவைச் சுமக்காத வகைகள். 1897 ஆகஸ்டில் அவருடைய உதவியாளர் கொண்டுவந்த புழுக்களிலிருந்து இறகில் புள்ளிகள் கொண்ட பழுப்புநிறக் கொசுக்கள் வெளிவந்தன. வகையின் பெயர் அவருக்குத் தெரியாது. இது வேறு என்பது மட்டும் தெரிந்தது. அவற்றை உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டார். கடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் உசேன் கானுக்கு ஓரணா கூலி. (அறிவியல் வரலாற்றில் அந்த மனிதரின் பெயரும் தவறாமல் சொல்லப்பட வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.)

விசிறி போட்டால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால், நெற்றி வியர்வை நுண்ணோக்கியின் திருகுகளைத் துருப்பிடிக்கச் செய்த அந்தப் புழுக்கத்தில், ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் வட்டமான செல்களைக் கண்டார். அவற்றுக்குள் கருநிறத் துகள்கள் இருந்தன. மலேரியா நோயாளிகளின் ரத்தத்தில் அதே துகள்களைப் பலமுறை பார்த்துப் பழகிய கண் அது. பழகாத கண் அவற்றைத் தூசி என்று ஒதுக்கியிருக்கும். மறுநாள் எஞ்சியிருந்த கொசுவை அறுத்தபோது அந்தச் செல்கள் இன்னும் பெரிதாக இருந்தன. என்னை மிகவும் கவர்வது இந்த இரண்டாம் நாள்தான். அந்தச் செல்கள் உயிரோடு வளர்கின்றன என்பதை முதல் நாளின் அளவு குறித்து வைக்கப்பட்டிருந்ததால்தான் சொல்ல முடிந்தது. கொசுக்கடியால் நோய் பரவுவதை அவர் பறவை மலேரியாவைக் கொண்டு கல்கத்தாவில் நிறுவியது அடுத்த ஆண்டு, 1898இல்.

கூர்ந்து பார்ப்பதைக் கண்ணின் கூர்மையாகவும் பிறவித் திறமையாகவும் நம் பள்ளிகள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகின்றன. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் வர வேண்டிய விடையை முன்கூட்டியே எழுதவும் பழக்கிவிடுகின்றன. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். அந்தப் பணியாளர் அம்மாவுக்கு இருந்தது பழக்கம்: எந்தப் பாத்திரம், எத்தனை நாள் தண்ணீர், புழு எப்படிக் கிடக்கிறது என்று வீடு வீடாகப் பார்த்துக் குறித்த பழக்கம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டெங்குக் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடிருக்கும், ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது ஞாயிறுதோறும் நானும் மகளும் தொட்டிகளைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். போன மாதம் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு புழு, மற்றவற்றைப் போல் தலைகீழாகத் தொங்காமல், நீரின் மேல்மட்டத்தோடு படிந்து கிடந்தது. மகள்தான் "அப்பா, இது வேற மாதிரி இருக்கு" என்றாள். மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசுவின் புழு அப்படித்தான் கிடக்கும். ராஸின் புள்ளி இறகுக் கொசுவும் அந்த இனமே. அன்று மாலையே அதை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனோம்.