அலிபிரி கம்பைக் கேலி செய்வதற்கு முன்

புரட்டாசி பிறந்தால் கடலூர், பாண்டிச்சேரி பக்கமிருந்து திருப்பதிக்குக் கிளம்பும் கூட்டம் தெரிந்ததுதான். நடந்தே மலையேறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் அதில் நிறையப் பேர். கூடவே, நடந்து ஏறுகிறவர்களுக்குத் தேவஸ்தானம் கொடுத்த கம்பைக் கேலி செய்யும் மீம்களும் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். சிறுத்தைக்கு எதிராக ஒரு குச்சியா, தேவஸ்தானத்துக்கு மூளையே இல்லையா என்கிற வகை.

2023 ஆகஸ்ட் 11 இரவு, திருமலைக்கு நடந்து ஏறும் அலிபிரி பாதையில் பெற்றோருக்குச் சற்று முன்னால் நடந்துகொண்டிருந்த 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிப் போய்க் கொன்றது. அதற்கு முன் ஜூன் மாதம் அதே பாதையில் ஒரு சின்னப் பையனைக் கவ்வியது. அங்கிருந்தவர்கள் கத்திக்கொண்டே துரத்தியதில் போட்டுவிட்டு ஓடியது, பையன் பிழைத்தான். இதற்குப் பிறகுதான் தேவஸ்தானம் பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை நடைபாதையில் விடுவதில்லை என்று முடிவெடுத்து, நடப்பவர்கள் கையில் கம்பும் கொடுத்தது. கம்பு மட்டும்தான் மீம் ஆனது.

என் கருத்து இதுதான்: அந்த இரண்டு முடிவுகளுமே சரி. கம்பு சிறுத்தையை அடித்துக் கொல்வதற்கு இல்லை. அதைப் பிடித்திருப்பவன் நிமிர்ந்து நிற்பான், கையை நீட்டினால் இன்னும் ஐந்தடி பெரிசாகத் தெரிவான், அவ்வளவுதான் அதன் வேலை. பூனை இனத்திடமிருந்து தப்பிப்பதில் பெரும்பங்கு அந்த உயரத்தில் இருக்கிறது.

சிறுத்தை மறைந்திருந்து பாயும் மிருகம். நம் காடுகளில் வளர்ந்த சிறுத்தை 30 முதல் 70 கிலோ வரை இருக்கும். அது விரும்பி அடிப்பது 10 முதல் 40 கிலோ வரை உள்ள இரையை: மான்குட்டி, ஆடு, நாய். ஆறு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 20 கிலோ. கணக்கு புரிகிறதா? நிமிர்ந்து நிற்கும் ஐந்தரை அடி ஆள் அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் இரையாகப் படுவதில்லை. அதே ஆள் செருப்பு வாரைப் போடக் குனிந்தால், ஒதுக்குப்புறமாக உட்கார்ந்தால், பாறை மேல் குந்தி செல்ஃபி எடுத்தால், கழுத்து தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் குனிந்து கொழுந்து பறிப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், புல் அறுப்பவர்கள், இருட்டில் வெளிக்குப் போகிறவர்கள் என்று தாக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரியவர்களில் நிறையப் பேர் குனிந்தோ குந்தியோ இருந்தவர்கள்தான். புலி விஷயத்திலும் இதேதான்.

இன்னொன்று, பூனை இனம் முகத்தைப் பார்த்து வருவதைவிட முதுகுப்பக்கம் வருவதைத்தான் விரும்பும். சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் போனவர்கள் 1980களில் மனித முக முகமூடியைப் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு போனது இதற்காகத்தான். கொஞ்ச காலம் நன்றாகவே வேலை செய்தது. புலிகள் சுதாரித்துக்கொண்டன என்று பிறகு சொன்னார்கள். முகமூடி எப்படியோ போகட்டும், வரிசையில் கடைசியாக நடப்பவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே குழந்தையோடு போகிறீர்களா, முன்னால் ஓட விடாதீர்கள், பின்னால் தங்கவும் விடாதீர்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், நடுவில் குழந்தை. புதர்ப் பக்கம் குழந்தையை விடாமல் பெரியவர் நடக்க வேண்டும். மானுக்குப் பழம் கொடுப்பது, மீதிச் சோற்றை ஓரமாகப் போடுவது இரண்டையும் நிறுத்துங்கள். சோற்றுக்கு நாய் வரும், பழத்துக்கு மான் வரும், இரண்டுக்கும் பின்னால் சிறுத்தை வரும். மலைப்பாதையில் கூடவே ஓடிவரும் தெருநாயைக் காவலுக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. சிறுத்தைக்கு அது விருந்து, நீங்கள் விருந்துக்குப் பக்கத்தில் நடக்கிறீர்கள்.

கம்புக்கு வருவோம். நம்ம பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை. நேராக வளர்ந்த சவுக்குக் கழியில் ஐந்தடி வெட்டி, பெருவிரலைவிடச் சற்றுத் தடிமனாகத் தேர்ந்தெடுத்து, கணுக்களைச் சீவிவிட்டால் போதும். நாலடிக்குக் குறைந்தால் நகம் எட்டும் தூரத்துக்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள். ஆறடிக்கு மேல் போனால் புதருக்குள் மாட்டிக்கொள்ளும். சிலம்பம் தெரிந்தவர்கள் சுழற்றத்தான் ஆசைப்படுவார்கள். சுழற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் திறந்து கிடக்கும், பூனை அந்த இடைவெளியில்தான் உள்ளே புகும். நுனியை அதன் முகத்துக்கு நேராக நீட்டி வைத்து, வந்தால் குத்துவதுதான் சரி. கீழ்நுனியில் ஒரு சலங்கை கட்டினால் இன்னும் நல்லது. நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலான சிறுத்தைகள் உங்கள் கண்ணில் படாமலே நகர்ந்துவிடும்.

கத்தி, அரிவாள் எடுத்துப் போகிறேன் என்பவர்களுக்கு: கத்தி படும் தூரத்தில் அதன் நாலு பாதமும் வாயும் உங்கள் மேல் இருக்கும். கைக்கு அடக்கமான மிளகு ஸ்ப்ரே சில அடி தூரம்தான் போகும், காற்று எதிராக அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும். அமெரிக்காவில் கரடிக்கென்று விற்கிற ஸ்ப்ரே வேறு ரகம், 25 அடிக்கு மேல் புகை மாதிரி விரியும். ஆனால் அதுவும் இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் இருந்தால் பிரயோசனமில்லை. பட்டாசு வேண்டவே வேண்டாம். காய்ந்த காட்டில் தீப் பிடித்தால் சிறுத்தையைவிடப் பெரிய வினை. ஒரு விசில், நெற்றியில் மாட்டும் டார்ச், ஒரு குடை போதும். குடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரித்தால் நீங்கள் ஒரே நொடியில் இரண்டு மடங்கு ஆகிவிடுவீர்கள்.

சரி, எதிரே பார்த்துவிட்டீர்கள், என்ன செய்வது?

முதலில், அது உங்களைக் கவனித்ததா என்று பாருங்கள். தூரத்தில் படுத்திருக்கிறது, உங்களைக் கவனிக்கவில்லை என்றால் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மறைந்திருக்கும் சிறுத்தை, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்வரை அப்படியே கிடக்கும். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் ஓடும், வழியில்லாவிட்டால் பாயும். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். அது உங்களையே பார்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்தி நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது அதன் மேலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது.

ஓடக் கூடாது. இதை எல்லாரும் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். ஓடுகிற எதையும் துரத்துவது பூனைக்குப் பிறவிக் குணம், வீட்டுப் பூனை நூல்கண்டைத் துரத்துகிற அதே குணம். சிறுத்தை மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பாயும். நீங்கள் முதுகைத் திருப்பிய கணத்தில் அதற்கு வேண்டிய கழுத்தையும் காட்டிவிடுகிறீர்கள். மரம் ஏறுவதும் வீண்தான், அது தன் எடையளவு மானையே கவ்விக்கொண்டு ஏறுகிற மிருகம்.

குழந்தையைத் தூக்க உட்காராதீர்கள். கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்துங்கள், அல்லது பார்வையை எடுக்காமல் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் லேசாக மடித்து அள்ளிக்கொள்ளுங்கள். கூட இருப்பவர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கட்டும். துண்டையோ துப்பட்டாவையோ தலைக்கு மேல் விரித்துப் பிடியுங்கள். கனமான குரலில், அடிவயிற்றிலிருந்து அதட்டுங்கள். ‘வீல்’ என்று அலறுவது அடிபட்ட குட்டியின் சத்தம் மாதிரி இருக்கும், தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அரை அடி அரை அடியாகப் பின்னால் நகருங்கள். அது போவதற்கு ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். குட்டியோடு இருக்கும் தாய் உறுமிக்கொண்டே நாலு எட்டு ஓடிவந்து நிற்கும். அது எச்சரிக்கை, அங்கேயே நின்று, பிறகு பின்வாங்குங்கள். சத்தமில்லாமல் வயிறு தரையில் படப் பதுங்கி வருவதுதான் நிஜமான ஆபத்து.

இங்கே ஒரு எச்சரிக்கையை நானும் சொல்லியாக வேண்டும். நின்று எதிர்கொள்வது பூனைக்கு மட்டும்தான். முதுமலையிலும் வால்பாறையிலும் யானை வந்தால் இதே மாதிரி கையை விரித்து நின்றீர்களானால் முடிந்தது கதை. யானையிடமிருந்து விலகி ஓடத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் புலி, சிறுத்தையைவிட யானையால் சாகிறவர்கள்தான் பல மடங்கு அதிகம். வால்பாறைக்கு வண்டியில் போகிற நம்ம ஊர்ப் பையன்கள் சிறுத்தைக்குப் பயந்து யானையை மறந்துவிடுகிறார்கள்.

பாய்ந்தேவிட்டால்? கரடிக்குச் சொல்கிற மாதிரி செத்தவன்போலப் படுக்காதீர்கள், பூனைக்கு அது பரிமாறி வைத்த இலை. தாடையை நெஞ்சோடு அழுத்தி, தோளைத் தூக்கி, ஒரு முன்கையைத் தொண்டைக்குக் குறுக்கே கொடுங்கள். முன்கை போனாலும் பரவாயில்லை, கழுத்து போகக் கூடாது. முதுகுப் பையைக் கழற்றாதீர்கள், பின்னங்கழுத்துக்கும் முதுகுக்கும் அதுதான் கவசம். எப்படியாவது காலில் நில்லுங்கள். மூக்கு, கண் இரண்டையும் தேடிக் குத்துங்கள். சிறுத்தை தனக்கு அடிபடுவதை விரும்பாது, காலில் அடிபட்டால் அடுத்த வேட்டை இல்லை, பட்டினி. அதனால் எதிர்ப்பு பலமாக இருந்தால் விட்டுவிடுகிற வாய்ப்பு உண்டு. 200 கிலோ ஆண்புலியிடம் தனியாளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே கூட வந்தவர்கள்தான் கதி. கூட இருப்பவர்கள் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டாம், பல் பதிந்த இடம் கிழிந்துபோகும். மிருகத்தை அடியுங்கள், எல்லாரும் ஒன்றாகக் கத்துங்கள், கல்லை எறியுங்கள். விட்டதும் அதைத் துரத்திக்கொண்டு புதருக்குள் போகாதீர்கள்.

காட்டுக்குப் போகாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2024 ஏப்ரலில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் மயிலாடுதுறை ஊருக்குள்ளேயே சிறுத்தை கேமராவில் பதிவானது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வரை பேச்சு பரவியது. ஊருக்குள் வந்த சிறுத்தையிடம் அடிபடுகிறவர்களில் நிறையப் பேர், அதைப் பார்க்கப் போனவர்கள். வீட்டுக்குள்ளோ தோப்புக்குள்ளோ மாட்டிக்கொண்ட சிறுத்தை வேட்டையாடவில்லை, வெளியேற வழி தேடுகிறது. ஐந்நூறு பேர் செல்போனோடு சுற்றி நின்றால் வழி எது? யாருடைய முகத்தின் மேலாவதுதான். மயக்க ஊசியும் சினிமாவில் காட்டுகிற மாதிரி பட்டவுடன் சாய்த்துவிடாது. பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும், அந்த இடைவெளியில்தான் அது ரொம்ப மிரண்டுபோயிருக்கும். கதவைச் சாத்துங்கள், ஆடு மாடு நாயை உள்ளே கட்டுங்கள், திண்ணையில் படுப்பதை நிறுத்துங்கள், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வழிவிடுங்கள்.

சொல்வதற்கு முன் தடத்தையும் ஒரு முறை பாருங்கள். தடத்தில் நகம் பதிந்திருந்தால் அநேகமாக நாய் அல்லது நரி. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். முந்திரிக் காட்டிலும் சவுக்குத் தோப்பிலும் சுற்றும் காட்டுப்பூனையின் தடம் சிறுத்தையின் தடத்தைவிடச் சின்னது. அதைப் படம் பிடித்து ‘சிறுத்தை வந்துவிட்டது’ என்று குரூப்பில் போடுகிறவர்களால் வனத்துறைக்காரர்களின் பொழுது வீணாகிறது.

காயம் பட்டால் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். கழுத்தில் கடி என்றால் தலையை அசைக்காமல் தூக்கிப் போக வேண்டும், உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கலாம். ரத்தம் நின்ற சிறு காயங்களைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி, நேராகக் காயத்தில் போடும் வெறிநாய்க்கடி எதிர்ப்பு மருந்து, டெட்டனஸ் ஊசி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சிறுத்தைக்கும் ரேபிஸ் வரும். கோரைப்பல் போன ஓட்டை வெளியே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும், பூனை வாயில் இருக்கும் கிருமி ஒரே நாளில் சீழ் வைத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர்கள் அதை அவசரப்பட்டுத் தைத்து மூட மாட்டார்கள். தையல் ஏன் போடவில்லை என்று அவர்களிடம் சண்டை போடாதீர்கள்.

கடைசியாகச் சட்டம். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு தாக்கி மிருகம் செத்துப்போனால் அது குற்றமில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால், உதாரணத்துக்கு அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் புகுந்திருந்தால், இந்தப் பாதுகாப்பு கிடையாது. ரீல்ஸ் எடுக்கத் தடுப்பைத் தாண்டிப் போகிறவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. செத்த மிருகமும் அரசுச் சொத்து. அதிலிருந்து ஒரு நகத்தைப் பிடுங்கிச் சங்கிலியில் கோத்துக்கொண்டால்கூடக் குறைந்தது 3 வருஷம் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.