பூனைக்கு விடுதி வேண்டாம், சாவியைக் கொடுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், "ஊருக்குப் போகிறோம், பூனையை எங்கே விடுவது?" என்று கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். வீட்டில் பூனை வளர்க்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். எங்கேயும் விடாதீர்கள், பூனை வீட்டிலேயே இருக்கட்டும், தெரிந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பேன். சாவி என்றதும் மறுமுனையில் பேச்சு நின்றுவிடும். சற்றுப் பொறுத்து, "நல்ல விடுதி ஏதாவது தெரியுமா?" என்பார்கள்.

வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அடுத்த ஊர்ச் சந்தையில் விட்டு வருவது நம் ஊர்களில் நடந்ததுதான். விட்டவருக்கு முன்பே பூனை திண்ணைக்கு வந்து சேர்ந்த கதையும் பல குடும்பங்களில் உண்டு. கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம், ஆனால் பூனைக்கு இடம்தான் பெரிது என்பதை நம் பாட்டிமார் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள். கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பதித்துவைக்கும் பிராணி அது. அந்த வாசனை இல்லாத ஓர் அறையில், பக்கத்து அறையில் நாய்கள் குரைத்துக்கொண்டிருக்க, கூண்டுக்குள் வைத்தால் முதலில் சாப்பாட்டை நிறுத்திவிடும். "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்பது பூனை விஷயத்தில் ஆபத்தான நம்பிக்கை. இரண்டு மூன்று நாட்கள் சாப்பிடாத பூனையின் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கல்லீரலுக்குப் போய்த் தேங்கத் தொடங்கும். கொழுகொழுவென்று வளர்த்திருக்கிறோமே, அந்தப் பூனைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உயிரே போகலாம்.

தொற்றும் இருக்கிறது. பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா நோயின் வைரஸ், நோயுற்ற பூனை போன பிறகும் அந்த இடத்தில் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரைகூட, உயிர்ப்போடு கிடக்கும். விடுதியைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள். நாய்களின் சத்தம் எட்டாத தனி அறை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். தினமும் இன்சுலின் போட வேண்டிய பூனை என்றால் மருத்துவமனையோடு இணைந்த விடுதிதான் நல்லது. அதை நான் மறுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் உண்டு. "ஐந்து நாள்தானே, பெரிய பாத்திரம் நிறையப் போட்டுவிட்டுப் போனால் போதாதா?" என்று கேட்பவர்கள். போதாது. சென்னையின் மே மாதத்தில் வேகவைத்த மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், எறும்பு அதற்கு முன்பே வந்துவிடும். உலர் உணவு தாக்குப்பிடிக்கும், நேரத்துக்கு உணவு போடும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சரி, மணல் தட்டை எந்த இயந்திரம் பார்க்கும்? வீட்டுக்குள் வளரும் ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை திடீரென்று அடைத்துக்கொள்ளும். தட்டுக்குப் போய்ப் போய் உட்காரும், முக்கும், ஒரு சொட்டும் வராது. ஓரிரு நாட்களுக்குள் சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது கடினம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மணலைக் கிளறி, நேற்றைக்கு இருந்த ஈரக் கட்டிகள் இன்றைக்கு ஏன் இல்லை என்று யோசிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். வளர்ப்புப் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அப்படி ஒரு சட்டம் வர மாநிலங்களவையில் போராடியவர் சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவருடைய ஊரில் இருந்துகொண்டு, அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் பூனையைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சாவிக்கு வருகிறேன். உங்கள் பூனையை உங்களுக்கு அடுத்தபடியாக நன்கு அறிந்தவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது வேலைக்கு வரும் அக்காதான். அவர் மீன் கழுவும்போது காலைச் சுற்றுவது அந்தப் பூனைதான், அவர் துடைத்த ஈரத் தரையில் தடம் பதித்துத் திட்டு வாங்குவதும் அதுதான். எந்த நாற்காலிக்கு அடியில் ஒளியும், எந்தச் சத்தத்துக்கு மிரளும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஊருக்குப் போகும்போது நாம் அவரிடம் சொல்வது, "அக்கா, அடுத்த வாரம் வர வேண்டாம்." அதோடு சிலர் அந்த நாட்களுக்குச் சம்பளத்தையும் பிடிக்கிறார்கள். நாம் மலைப்பிரதேசத்துக்குப் போனதற்கு அவருக்கு எதற்குச் சம்பளக் குறைப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பிடித்த பணத்தோடு மேலும் போட்டு விடுதிக்குக் கட்டுகிறோம், முன்பின் தெரியாத ஒருவரிடம் பூனையைக் கூடையோடு கொடுத்துவிட்டு வருகிறோம். நாம் வீட்டில் இருக்கும்போது பீரோ இருக்கும் அறைவரை வந்து பெருக்குபவர்மேல், நாம் இல்லாதபோது மட்டும் சந்தேகம் வருகிறது. பூனை கூண்டுக்குப் போவதற்குக் காரணம் இந்தச் சந்தேகம்தான். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். சாவியை அக்காவிடம் கொடுங்கள்.

கொடுப்பதை முறையாகக் கொடுங்கள். இது உதவியல்ல, வேலை. வழக்கமான சம்பளத்துக்கு மேல் தனியாக, முன்கூட்டியே பேசிக் கொடுக்க வேண்டும். காலை, மாலை இருவேளை வரட்டும். வந்தவுடன் கதவைச் சாத்திவிட்டுத்தான் மற்ற வேலை, ஏனென்றால் பல பூனைகள் தொலைவது அந்தத் திறந்த கதவு வழியாகத்தான். அவசரத்துக்கு ஆட்டோவுக்கும் மருத்துவருக்கும் ஆகும் பணத்தை ஓர் உறையில் போட்டு வையுங்கள். "நான் ஊரில் இல்லை, இவர் பூனையைக் கொண்டுவந்தால் சிகிச்சை கொடுங்கள்" என்று மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். அக்கா உங்களை அழைத்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் சிக்னல் கிடைக்காத மலையில் இருந்தால் என்ன ஆகும்? காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாராசிட்டமால் மட்டும் யாரும் கொடுத்துவிடக் கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். இதைப் பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பூங்கொத்தில் வந்த லில்லிப் பூக்களைக் கிளம்பும் முன் அப்புறப்படுத்துங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மல்லிகைத் தொட்டி இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் கேமரா வைத்திருந்தால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்துப் பார்ப்பது அசிங்கம். மணிக்கொரு தரம் வீடியோ அழைப்பில் "செல்லம், அம்மா பேசுகிறேன்" என்று கொஞ்சுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பூனைகள் வளர்ப்பவரின் குரலை அடையாளம் காண்கின்றன என்று டோக்கியோ ஆய்வாளர்கள் 2013 இல் எழுதினார்கள். காதும் தலையும் லேசாகத் திரும்புகின்றன, எழுந்து வருவதுதான் இல்லையாம். ஆய்வுக்கு எதற்குச் செலவு செய்தார்கள், என் வீட்டுக்கு வந்திருந்தால் நானே காட்டியிருப்பேன்.

வீட்டு வேலைக்கு யாரும் வராதவர்கள், அதே குடியிருப்பில் பூனை வளர்க்கும் இன்னொருவரோடு சாவி மாற்றிக்கொள்ளலாம். பொங்கலுக்கு அவர் போனால் நீங்கள் பார்ப்பது, மே மாதம் நீங்கள் போனால் அவர் பார்ப்பது. இருவருக்கும் மணல் அள்ளத் தெரியும், முகம் சுளிக்க மாட்டார்கள். கிளம்பும் முன் ஒருமுறை அவரை வீட்டுக்கு வரவைத்துப் பூனைக்குப் பழக்கிவிட்டால் போதும்.

கடைசியாக, எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. உரிமையாளர் ஊரில் இல்லாவிட்டால் வேலைக்கு வருபவரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் விதியை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. கையெழுத்திட்ட கடிதம் காவலாளியிடம் இருந்தும் எங்கள் அக்கா வெயிலில் நின்றுகொண்டு எனக்கு அழைப்பு விட வேண்டியிருந்தது. அந்த விதியை நீக்கச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். பூனை இல்லாத வீட்டுக்காரர்களும் வந்து கையெழுத்துப் போடலாம்.