சனிக்கிழமைப் பொங்கல்

ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த வருஷமும் அதே அறிவிப்பு. தேர்வெல்லாம் முடிந்த பிறகு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வாடகை அரங்கில் பொங்கல் விழா, வேட்டி சேலையில் வரவும், உறியடி உண்டு. நானும் போவேன், சாப்பாடு நன்றாக இருக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் தயவுசெய்து அதைப் பொங்கல் என்று சொல்லாதீர்கள் என்று எழுதப் போய் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வியாழக்கிழமை காலையில் லேபை விட்டுட்டு யாருப்பா பொங்கல் வைப்பா?" என்று ஒரு அண்ணன் கேட்டார்.

நான் வைத்தேன். ஜனவரி 15, வியாழக்கிழமை.

தீபாவளியைத் தள்ளிக் கொண்டாடினால் எனக்கு ஒன்றும் தோன்றாது, பலகாரம் என்றைக்குத் தின்றாலும் பலகாரம்தான். பொங்கல் சூரியனோடு வைத்துக்கொண்ட கணக்கு. சூரியன் மகர ராசிக்குள் நுழைவதை வைத்துத்தான் தை ஒன்று, அதனால்தான் அது வருஷா வருஷம் 14, இல்லையென்றால் 15 என்று அசையாமல் நிற்கிறது. அந்தக் கணக்குக்குப் பிப்ரவரி அரங்கத்தில் என்ன வேலை?

உத்தராயணம், அதாவது சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் காலம், என்ற வார்த்தையை ஆச்சி வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட உறைத்ததில்லை. எப்படி உறைக்கும், தூத்துக்குடிப் பக்கம் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், ஆஹனில், டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம், ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல். வகுப்புக்குப் போகும்போது இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. தை பிறக்கும்போது பகல் ஒரு அரை மணி நேரம் நீண்டிருக்கும், அந்த அரை மணி நேரத்தை உடம்பு எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது. சூரியனைக் கும்பிட ஊரில் இருப்பவனைவிட எனக்குத்தான் காரணம் அதிகம்.

சரி, கதைக்கு வருகிறேன். பச்சரிசியும் வெல்லமும் இலங்கைத் தமிழர் கடையில் கிடைத்தன. கரும்பு இல்லை. பனங்கிழங்கு பற்றிக் கேட்கவே வேண்டாம் (அதைத் தனிப் பதிவாகப் புலம்புகிறேன்). வீட்டில் விடியும்போது வாசலில் ஓலை எரித்துப் பொங்கல் வைத்தார்கள், அப்போது எனக்கு நடுராத்திரி இரண்டு மணி, போர்வைக்குள் இருந்தபடி அம்மா காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டுத் தூங்கி, இங்கத்து உதயமான எட்டரைக்கு விடுதிச் சமையலறையில் நின்றேன். எவர்சில்வர் பாத்திரம், நெருப்பே இல்லாத கண்ணாடி அடுப்பு. வெளியே ஒரே மேகம், கிழக்கு எது என்று போனில் திசைகாட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பால் நுரைத்து ஏறுகிறது, நான் வாயைத் திறக்கிறேன், காபி போட வந்த பக்கத்து அறை ஜெர்மன் பையன் பாய்ந்து வந்து பாத்திரத்தைத் தூக்கிவிட்டான்! காப்பாற்றிவிட்டானாம். நுரை அப்படியே அடங்கிப்போனது. வழியத்தான் வேண்டும், அதற்காகத்தான் நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்க ஐந்து நிமிஷம் ஆனது. "வேண்டுமென்றேவா?" என்று மூன்று தடவை கேட்டான். மறுபடி ஏற்றினேன், அவன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான், காபியை மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். வழிந்தது. நான் கத்தினேன், அவனும் ஏதோ கத்தினான், அது பொங்கலோ பொங்கல் மாதிரிதான் இருந்தது.

பத்து மணி லேபுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன், அண்ணன் கவனிக்கவும். அன்றைக்கே தேர்வு இருக்கிறவர்களை நான் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம்கூடவா இல்லை?

கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்துவிட்டார்கள், ஆச்சி மட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏல, எந்தப் பக்கம் பொங்குச்சு?"

சன்னல் பக்கம், கிழக்குத்தான் ஆச்சி என்றேன்.

வழிந்த பாலின் கறை அடுப்புக் கண்ணாடியில் கருகி ஒட்டிக்கொண்டது, பிளேடு வைத்துச் சுரண்டியும் முழுசாகப் போகவில்லை. அறையைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள் போலிருக்கிறது. பிடிக்கட்டும்.