பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கியதா?

"பிரிட்டிஷ் மிஷனரிகள் வெள்ளைக்காரர் காலத்திலேயே தொடங்கிய பல்கலைக்கழகம்" என்று பெங்களூரு கிறைஸ்ட் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கிறைஸ்ட் கல்லூரி தொடங்கியது 1969-ல், அதாவது சுதந்திரம் கிடைத்து 22 ஆண்டுகள் கழித்து. தொடங்கியவர்களும் வெளிநாட்டார் அல்ல. கேரளத்தில் கோட்டயம் பக்கம் மன்னானத்தில் 1831-ல் உருவான சி.எம்.ஐ. (கார்மலைட்ஸ் ஆஃப் மேரி இம்மாகுலேட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர்தான். அந்தச் சபையை நிறுவியவர்களில் ஒருவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா. 2014-ல் புனிதராக அறிவிக்கப்பட்டாரே, அவரேதான். கிறிஸ்தவம் என்றாலே கப்பலில் வந்தது என்று நினைக்கும் பழக்கம் நமக்கு!

சரி, எடுத்த எடுப்பிலேயே பல்கலைக்கழகமா? அதுவும் இல்லை. பல காலம் பெங்களூர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. 2004-ல் தன்னாட்சி, அதாவது பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் உரிமை. அப்புறம் 2008 ஜூலையில்தான், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு இணையான தகுதி பெற்ற நிறுவனம் ஆனது. பெங்களூருக்கு வெளியே மகாராஷ்டிரத்தின் லவாசா, டெல்லி வட்டாரம் என்று வளாகங்கள் விரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

பெயர்ப் பலகையில் இப்போது 'நிகர்நிலை' என்று சேர்த்திருப்பதைப் பார்த்து, அந்தஸ்து பறிபோய்விட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். 2017-ல் நாடு முழுக்க நிகர்நிலை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் யு.ஜி.சி. சொன்ன பெயர் மாற்றம் அது. பட்டம் வழங்கும் உரிமை அப்படியே இருக்கிறது.